பழுப்பு நிறம் கடைசியில்தான்

2012 ஜனவரியில் ஜப்பானின் ஹியோகோ மாகாண ஆளுநர் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் டிவி தொடர் ஒன்றைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். கதை சரியில்லை என்றோ நடிப்பு சரியில்லை என்றோ அல்ல. படம் அழுக்காக இருக்கிறது என்றார். தொடரின் பெயர் 'தாய்ரா நோ கியோமோரி'. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1963இலிருந்து ஞாயிறு இரவுகளில் ஒளிபரப்பிவரும் 'தாய்கா' சரித்திரத் தொடர் வரிசையில் அந்த வருஷத்துக்கானது. 12ஆம் நூற்றாண்டின் கியோமோரி, இன்றைய கோபே நகரம் இருக்கும் இடத்தைத் தன் கோட்டையாக்கிக்கொண்டவர். கோபே இருப்பது ஹியோகோவில். தொடரைப் பார்த்துவிட்டுச் சுற்றுலாக் கூட்டம் வரும் என்று கடை விரித்துக் காத்திருந்த ஊரில், ஆரம்பமே தூசியும் புகையும் மங்கலும் என்றால் ஆளுநருக்கு வயிறு எரியாதா?

அந்த அழுக்கு கைதவறி வந்ததல்ல. வினாடிக்கு 60 அரைப்படம் (முழுப் படத்தின் வரிகளில் பாதி மட்டும்) எடுத்துக்கொண்டிருந்த வீடியோ முறையை விட்டு 30 முழு ஃப்ரேமுக்கு மாறியிருந்தார்கள். 2010இன் 'ரியோமாதென்' தொடரிலேயே இந்த மாற்றம் வந்துவிட்டது. கூடவே, காற்றில் சோளமாவைப் பறக்கவிட்டுத் தூசி எழுப்பினார்கள். நிறத்தையும் அடக்கி வைத்தார்கள். இந்த மூன்றில் 'பழைய காலம்' என்ற உணர்வைத் தருவது எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நிறத்தைத்தான் கை காட்டுவார்கள். குறும்படம் எடுக்கும் பையன்களும் அதைத்தான் செய்கிறார்கள்: எப்படியோ எடுத்துவிட்டு எடிட்டிங்கில் ஒரு பழுப்பு ஃபில்டரைப் போட்டு 1940 என்று எழுதிவிடுகிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் அசைவு, அடுத்து வெளிச்சம், பிறகு தூசி, துணி, ஒப்பனை எல்லாம். நிறம் கடைசி.

அசைவிலிருந்து ஆரம்பிப்போம். புது டிவியில் சினிமா பார்த்துவிட்டு "என்னப்பா, சீரியல் மாதிரி தெரியுது" என்று சொல்லாத வீடு குறைவு. அந்தச் சொல்லில் தப்பே இல்லை. இந்தியா, பிரிட்டன் போல மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் நாடுகளில் பழைய ஸ்டூடியோ வீடியோ கேமரா வினாடிக்கு 50 முறை பதிவு செய்தது. ஒரு முறை ஒற்றைப்படை வரிகள், அடுத்த முறை இரட்டைப்படை வரிகள். ஒவ்வொரு அரைப்படமும் வேறு வேறு கணத்தில் எடுத்தது என்பதால் கண்ணுக்கு 50 அசைவு கிடைக்கும். ஃபிலிம் கேமரா சினிமாவுக்கு 24, பிரிட்டிஷ் டிவிக்கு 25 ஃப்ரேம் ஓடியது. ஒளிபரப்பும்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு அரைப்படமாகப் பிரித்தாலும் இரண்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவைதான். ஆகவே அசைவு 25தான்.

ஒரு வாளை உருவி வீசும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 25 ஃப்ரேம், 180 டிகிரி ஷட்டர் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 1/50 வினாடி கேமராவின் கண் திறந்திருக்கும், அடுத்த 1/50 வினாடி மூடியிருக்கும். வாள் போன பாதையில் பாதி படத்திலேயே இல்லை. மிச்சத்தைப் பார்ப்பவர் மனம் நிரப்பிக்கொள்ளும், நிரப்பும்போது கனத்தையும் சேர்த்தே நிரப்பும். 50 அரைப்படத்தில் இடைவெளியே இல்லை, பாதை முழுவதும் பதிவாகிவிடும். ஜப்பானியச் சரித்திர நாடகங்களில் வாள் பெரும்பாலும் மூங்கில் பட்டையில் வெள்ளித்தாள் ஒட்டியதாக இருக்கும். அது இரும்பில்லை என்பதை மணிக்கட்டு திரும்பும் வேகமே காட்டிக்கொடுத்துவிடும். செய்தியும் கிரிக்கெட் நேரலையும் இதே 50 அசைவில் பார்த்துப் பழகிய கண், இதையும் 'இப்போது நடப்பது' என்றே எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்துக்கொண்டதும் அரசன் அரசனாக இருப்பதில்லை. அட்டைக் கிரீடம் வைத்த ஒரு நடிகர் ஆகிவிடுகிறார்.

பிரிட்டனில் இந்த இரண்டு தோற்றமும் ஒரே அத்தியாயத்தில் மாறி மாறி வரும். 1970களில் வீட்டுக்குள் நடப்பதை ஸ்டூடியோவில் பல வீடியோ கேமராக்களில் எடுத்தார்கள், தெருவில் நடப்பதை 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். பாத்திரம் கதவைத் திறந்து வெளியே வந்தால் உலகமே மாறிவிடும்: நிறம் தணியும், மணி மணியாகத் துகள் தெரியும், நடை கனக்கும். 1976இன் 'ஐ, கிளாடியஸ்' இந்தச் சிக்கலைச் சுலபமாகத் தாண்டியது. வெளிப்புறமே கிடையாது, ரோமாபுரி முழுவதும் பிபிசி ஸ்டூடியோவுக்குள். தோற்றம் ஒன்றாக இருந்ததால் பார்ப்பவர் பத்து நிமிஷத்தில் அதை நாடக மேடையாக ஏற்றுக்கொண்டு நடிப்புக்குள் போய்விடுவார். என் கணக்கில் வீடியோவில் எடுத்த சரித்திரத் தொடர்களில் அது இன்றும் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எதிர்ப்பக்கம், ஃபிலிமிலேயே எடுத்தவை: 1981இன் 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்', இந்தியாவிலும் வந்து எடுத்து 1984இல் ஒளிபரப்பான 'தி ஜுவல் இன் தி கிரவுன்', 1995இன் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. முதல் இரண்டும் 16 மி.மீ., மூன்றாவது சூப்பர் 16, அதாவது அதே ஃபிலிமில் கொஞ்சம் அகலமான படம்.

நடுவில் ஒரு குறுக்கு வழியும் வந்தது. வீடியோவில் எடுத்து, இரண்டு அரைப்படத்தில் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை இரட்டித்தார்கள். அசைவு 25 ஆகிவிடும், உண்மைதான். ஆனால் 576 வரியில் 288தான் மிஞ்சும். சாய்ந்த கோடுகள் படிக்கட்டுபோல் தெரியும், படம் முழுக்க ஒரு மொழுக்குத்தன்மை வந்து உட்காரும். அதோடு வெளிச்சம் பழைய வீடியோ வெளிச்சமாகவே இருக்கும். அசைவை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம்.

அந்த வெளிச்சத்துக்கு வருவோம். பழைய குழாய்வகை கேமராக்களுக்கு ஆயிரம் லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் வேண்டியிருந்தது. நாலு கேமரா ஒரே நேரத்தில் நாலு கோணத்தில் எடுத்ததால் தரையில் விளக்கு வைக்கவும் இடமில்லை. எல்லாம் கூரையிலிருந்து, எல்லாப் பக்கமும் சமமாக. சிறை அறைக்கும் ராணியின் படுக்கையறைக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. கேமராவை வேகமாகத் திருப்பினால் மெழுகுவர்த்திச் சுடர் பின்னால் வால் இழுக்கும். போதாததற்கு, படம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று மின்னணு முறையில் ஓரங்களுக்குக் கோடு போட்டார்கள். வெள்ளைக் கழுத்துப்பட்டிக்கும் கறுப்புக் கோட்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுவதைப் பழைய தொடர்களில் கவனித்தால் தெரியும்.

ஃபிலிம் அதிகப்படி வெளிச்சத்தைச் சட்டென்று வெள்ளையாக்காது. ஜன்னல் பக்கம் மெதுவாக வெளுத்துக்கொண்டே போகும். வீடியோவில் ஓர் எல்லை வரை ஒழுங்காக இருந்துவிட்டு, அதற்கு மேல் கத்தரித்த மாதிரி வெள்ளை. இன்று லாக் முறையில், அதாவது வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கி அதிகம் அடக்கிப் பதிவு செய்யும் கேமராக்கள் இந்த மென்மையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. அறுபதுகளின் நியூயார்க்கைக் காட்டிய 'மேட் மென்' முதல் நான்கு சீசன் 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டு, ஐந்தாவதிலிருந்து ஆரி அலெக்ஸா என்ற டிஜிட்டல் கேமராவுக்கு மாறியது. மாறிய இடத்தைப் பெரும்பாலான பார்வையாளர்கள் கண்டுகொள்ளவே இல்லை. அசைவும் வெளிச்சமும் அதேபோல் இருந்தால் உள்ளே ஓடுவது ஃபிலிமா சிப்பா என்பது இரண்டாம்பட்சம்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் கணக்கு ருசியானது. ஒரு சாதாரண மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தரும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லக்ஸ். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 800, ஷட்டர் 1/50, லென்ஸ் திறப்பு எஃப் 1.4 (எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிது) என்று வைத்தால் முகம் சரியாகப் பதிவாகச் சுமார் 30 லக்ஸ் வேண்டும். ஐந்து கிளை விளக்கு ஒன்றை முகத்திலிருந்து 40 செ.மீ.யில் வைத்தால் 31 லக்ஸ் கிடைக்கும். சரியாக வந்துவிட்டது. ஆனால் நடிகர் வசனத்தின் நடுவே பின்னால் சாய்ந்து 80 செ.மீ.க்குப் போய்விட்டால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, அதாவது 8 லக்ஸ். இரண்டு ஸ்டாப் போய்விட்டது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ஆகவே நாற்காலியை நகரவிடாமல் தரையில் டேப் ஒட்ட வேண்டும், அல்லது சாய்வதையே நடிப்பின் பகுதியாக்கி இருளுக்குள் போகவிட வேண்டும். ஃபோகஸ் இன்னொரு தலைவலி. 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.4, 2 மீட்டர் தூரம் என்றால் சூப்பர் 35 சென்சாரில் (சினிமா கேமராக்களின் வழக்கமான அளவு) தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 11 செ.மீ.தான். மூக்கு தெளிவு, காது மங்கல்.

1975இல் 'பேரி லிண்டன்' படத்துக்கு எஃப் 0.7 ஸைஸ் லென்ஸ் தேவைப்பட்டதும் இதே கணக்கால்தான். அன்றைய 100 ஏஎஸ்ஏ (இன்றைய ஐஎஸ்ஓதான்) ஃபிலிமைக் கழுவும்போது ஒரு ஸ்டாப் தள்ளி 200 ஆக்கினார்கள். 200இல் எஃப் 0.7 என்பதும் 800இல் எஃப் 1.4 என்பதும் ஒன்றேதான். அன்று ஊருக்கு ஒன்றுகூட இல்லாத லென்ஸ் செய்த வேலையை இன்று கடையில் வாடகைக்கு எடுக்கும் லென்ஸ் செய்துவிடும். 2015இல் பிபிசியின் 'வுல்ஃப் ஹால்' அலெக்ஸாவை வைத்துக்கொண்டு டியூடர் அரண்மனை இரவுகளை மெழுகுவர்த்தியிலேயே எடுத்தது. இருட்டாக இருக்கிறது, ஒன்றுமே தெரியவில்லை என்று சில பார்வையாளர்கள் புகார் சொன்னார்கள். அதில் பாதிக் குற்றம் வீட்டு டிவியுடையது, அதற்குப் பிறகு வருகிறேன்.

மெழுகுவர்த்தியின் நிறவெப்பம் சுமார் 1900 கெல்வின். கேமராவை 3200இல் வைத்தால் முகம் மஞ்சள் பூசின மாதிரி ஆகும். சரி என்று 1900க்கே இறக்கினால் சுடர் வெள்ளையாகி டியூப்லைட் எரியும் அறைபோல் ஆகிவிடும். 2400, 2500 பக்கம் வைத்தால் கொஞ்சம் கதகதப்பு மிஞ்சும், அதுதான் சரி. வெளிச்சம் போதவில்லை என்று 2700 கெல்வின் எல்இடி ஒன்றைத் துணைக்கு வைத்தால் சுடருக்குப் பக்கத்தில் அது நீலம் அடிக்கும், எனவே விளக்கின் முன்னால் அரை சிடிஓ ஜெல் என்ற ஆரஞ்சுத் தாள் போட வேண்டும். ஒற்றைத் திரிக்குப் பதில் இரண்டு, மூன்று திரி போட்ட மெழுகுவர்த்தி செய்துகொள்வது வெளிச்சத்தைக் கூட்ட நேர்மையான வழி. சீக்கிரம் உருகும், அதனால் ஷாட் ஷாட்டாக உயரம் மாறாமல் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது சோளமாவு. தூசியும் புகையும் பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் அழகு. கதிர் கதிராகத் தெரியும். முன்னாலிருந்தோ மேகமூட்டத்தின் சம வெளிச்சத்திலோ பறந்தால் அது தூசியாகவே தெரியாது. படத்தின் மேல் சாம்பல் திரை விழுந்த மாதிரி இருக்கும், கறுப்பு கறுப்பாக இருக்காது, முகத்தில் உயிர் இருக்காது. இதோடு ஒளிபரப்பின் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஜப்பானில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 1440க்கு 1080 புள்ளி, படத்தைச் சுருக்கி அனுப்புவது எம்பெக்-2 முறை. பறக்கும் தூசி ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடத்தில் இருப்பதால், முந்தைய ஃப்ரேமிலிருந்து எதையும் கடன் வாங்கி மிச்சம் பிடிக்க அந்த முறைக்கு வழியில்லை. பிட் போதாமல் கட்டம் கட்டமாக உடையும். ஸ்டூடியோ மானிட்டரில் ஓவியம் மாதிரி இருந்தது வீட்டுக்கு வரும்போது சகதியாகிவிடும். ஃபிலிமின் துகளுக்கும் இதே கதிதான். சூப்பர் 16ஐ எச்டி என்று கணக்கில் சேர்க்க முடியாது என்று பிபிசி விதி வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை யாரும் விளையாட்டாக எடுக்கக்கூடாது. காற்றில் பரவிய சோளமாவு தீப்பிடிக்கும். 2015 ஜூனில் தைவானில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் வண்ணச் சோளமாவு பற்றி எரிந்து 15 பேர் இறந்தார்கள். மூடிய செட்டில், பந்தமோ மெழுகுவர்த்தியோ சூடான விளக்கோ இருக்கும் இடத்தில் மாவைப் பறக்கவிடவே கூடாது.

எச்டி வந்தபோது செட்டுக்கும் ஒப்பனைக்கும் புதுச் சோதனை வந்தது. ஜப்பானிய சாமுராய் கொண்டைக்கு மொட்டையடித்த முன்தலை வேண்டும் என்பதால், பட்டுத்துணியைத் தலையில் கட்டி அதன்மேல் விக் வைப்பார்கள். பழைய டிவியில் நெற்றியும் துணியும் சேரும் கோடு தெரியாது. எச்டியில் பட்டென்று தெரியும். பெரிய சென்சார் கொஞ்சம் காப்பாற்றியது. ஸ்டூடியோ கேமராவின் 2/3 அங்குல சென்சார் 9.6 மி.மீ. அகலம், சூப்பர் 35 சுமார் 25 மி.மீ. அகலம். அதே கோணத்தை அதே எஃப் எண்ணில் எடுத்தால் பெரிய சென்சாரில் பின்னணி மங்கிவிடும், ப்ளைவுட் சுவரின் இணைப்பும் அதோடு மறையும். லென்ஸ் முன்னால் 1/8 அல்லது 1/4 பிளாக் புரோமிஸ்ட், அதாவது படத்தை லேசாக மென்மையாக்கும் ஃபில்டர், போடுவது இன்னொரு பழக்கம். லென்ஸ் நீளம் கூடக் கூட இதன் விளைவும் கூடும் என்பதை மறந்துவிட்டு 35க்கும் 85க்கும் ஒரே ஃபில்டரைப் போட்டால் இரண்டு ஷாட்டும் வெட்டி ஒட்டும்போது ஒட்டாது. 85க்கு ஒரு படி இறக்கிப் போடுங்கள்.

சின்ன மிரர்லெஸ் கேமராவில் எடுப்பவர்களுக்கு: 25 ஃப்ரேம், 1/50. 24 வைத்தாலும் ஷட்டர் 1/50தான், நம் ஊர் மின்விளக்குகள் மினுங்காமல் இருக்க. கேனானில் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்து, ஷார்ப்னஸ் 0, கான்ட்ராஸ்ட் மைனஸ் 4, சாச்சுரேஷன் மைனஸ் 2. பழைய கேமராக்கள் ஓரத்தில் போட்ட அதே வெள்ளைக் கோட்டை இன்று போடுவது இந்த ஷார்ப்னஸ்தான். ஒருமுறை பதிவாகிவிட்டால் எடிட்டிங்கில் எடுக்க முடியாது. ஜன்னல் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்கி, முகத்துக்கு வெள்ளைத் தெர்மாகோல் பலகையால் வெளிச்சம் திருப்புங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் நிறத்தில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். பழைய காலம் பழுப்பாக இருந்ததில்லை. புகைப்படத்தாள்தான் பழுப்பாக இருந்தது. 1856இல் பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த பிறகு விக்டோரியா காலத்துப் பெண்கள் கண்ணைப் பறிக்கும் ஊதாவில் உடுத்தினார்கள். அந்தப் புடவைக்கடை ஊதாவைப் பழுப்பாக்கிவிட்டு 'காலத்துக்கு உண்மையாக' எடுத்தோம் என்று சொல்வது வேடிக்கை.

கடைசியாக வீட்டு டிவி. மேலே சொன்ன அத்தனையையும் கடையில் செட் செய்து அனுப்பும் 'விவிட்' மோட் ஐந்து நிமிஷத்தில் கெடுத்துவிடும். முதலில் மோடை சினிமா, மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் என்று மாற்றுங்கள். பிறகு அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைக்க வேண்டும். எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி அல்லது ஆட்டோ மோஷன் பிளஸ், சோனியில் மோஷன்ஃப்ளோ, வேறு பலதில் எம்இஎம்சி. இது இல்லாத ஃப்ரேம்களைத் தானே உண்டாக்கி நடுவில் செருகுகிறது. ஃபிலிம் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை அடைத்துவிடுகிறது. மூங்கில் வாள் மறுபடி மூங்கிலாகும். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் அணையுங்கள். முதலாவது துகளோடு சேர்த்துத் தோலையும் மெழுகாக்கும், இரண்டாவது மெழுகுவர்த்திக் காட்சியில் வெளிச்சத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். ஷார்ப்னஸ் பெரும்பாலான டிவியில் 0 பக்கம், சோனியில் 50தான் நடுநிலை.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். ஸ்டிக் 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் 25 ஃப்ரேம் பிரிட்டிஷ் தொடர் அதற்குள் சமமாக அடங்காது. ஒரு ஃப்ரேம் இரண்டு முறை, இன்னொன்று மூன்று முறை என்று ஓடும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் தத்தித் தத்தி நகரும். செட்டிங்ஸில் 'மேட்ச் ஃப்ரேம் ரேட்' என்பது போன்ற வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

இருட்டுக் காட்சி தெரியவில்லை என்றால் 'பிரைட்னஸ்' கூட்டக்கூடாது. பல டிவிகளில் அது கறுப்பின் அளவை மாற்றுவது. கூட்டினால் கறுப்பு சாம்பலாகும், ஆளுநர் பார்த்த அழுக்கு உங்கள் வீட்டுக்கும் வரும். கூட்ட வேண்டியது பேக்லைட். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள நிழல்களின் பிரகாசத்தைத் தீர்மானிக்கும் காமாவைப் பகலில் 2.2, இரவில் விளக்கை அணைத்துப் பார்த்தால் 2.4 அல்லது பிடி.1886 என்று வையுங்கள். அதற்குப் பிறகும் நிழல் முழுக் கறுப்பாக அப்பிக்கொண்டிருந்தால் எச்டிஎம்ஐயில் கறுப்பு-வெள்ளை எல்லையைச் சொல்லும் 'ஃபுல்', 'லிமிடெட்' இரண்டும் முட்டிக்கொண்டிருக்கும். செட்டாப் பெட்டியையும் டிவியையும் ஒரே பக்கம், லிமிடெட்டில் வையுங்கள். மெழுகுவர்த்திக் காட்சி ஒன்றை நிறுத்திப் பாருங்கள்: கறுப்புக் கோட்டின் தோள் எங்கே முடிகிறது, பின்னால் இருண்ட சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் செட்டிங் சரி.